மீனவர் நடனத்தில் கயிறு எந்தத் தாளத் தட்டில் இழுபடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டு விழாக்களிலும் கலைத் திருவிழா மேடைகளிலும் ‘மீனவர் நடனம்’ இல்லாத ஆண்டே கிடையாது. பின்னால் நீலத் துணி ஆடும், ஒலிபெருக்கியில் அலை இரையும், இடுப்பில் கூடையோடு பெண்பிள்ளைகள் வருவார்கள், ‘ஐலசா’ வந்ததும் எல்லோரும் ஒரு குதி குதிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் முடியும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கடல் அந்த ஆட்டத்துக்குள் வந்ததா என்று பார்த்தால், துணியின் நிறத்தைத் தாண்டி எதுவும் தேறாது. கடற்கரைத் தொழிற்பாட்டையும் ஆட்டத்தையும் பயிற்றுவிக்கிறவர்கள் என்ற முறையில், நடன ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒத்திகையிலேயே பயன்படக்கூடிய சில விவரங்களை எழுதுகிறோம்.

கரைவலையில் தொடங்கலாம். குமரிக் கரையில் இதைக் கரமடி என்பார்கள், சென்னைப் பக்கம் பெரியவலை. நடுவில் மீன் சேரும் மடி. அதன் இரு பக்கமும் நீண்ட கைகள். கைகளின் முனையில் நீளமான வடக்கயிறு. மேல்விளிம்பில் மிதவை, கீழ்விளிம்பில் பாரம். ஒரு கயிற்றின் முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் அரைவட்டமாகச் சுற்றி வலையை இறக்கிக்கொண்டே போய், மறுகயிற்றோடு வேறோர் இடத்தில் கரையேறும். தொடக்கத்தில் இரண்டு கயிறுகளுக்கும் இடையே நல்ல தூரம் இருக்கும். இழுக்க இழுக்க இரு அணிகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். மடி கரையைத் தொடும்போது இரண்டும் ஏறக்குறைய பக்கத்தில் நிற்கும்.

இந்த நகர்வே நடன அமைப்பு. மேடையின் இடக்கோடியில் ஓர் அணி, வலக்கோடியில் ஓர் அணி. மூன்று நிமிடத்தில் இரண்டும் நடுவில் வந்து சேர வேண்டும். ஆனால் பெரும்பாலான மேடைகளில் ஒரே ஒரு கயிறுதான் இருக்கிறது. எட்டுப் பேர் பக்கவாட்டில் நின்று வடம்பிடிப் போட்டி மாதிரி இழுக்கிறார்கள், நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். கரையில் யாரும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. கயிறு உள்ளே வர வர வரிசையின் வால்பக்கத்தில் இருப்பவர் கையை விட்டு, முன்னே ஓடி, தண்ணீர் விளிம்பில் கயிற்றைப் புதிதாகப் பிடிப்பார். அடுத்தவர் வாலாவார். வந்த கயிற்றை ஒருவர் பின்னால் வளையம் வளையமாகச் சுற்றி அடுக்குவார். ஓர் அணிக்கு எட்டுப் பேர் வைத்து, ஒவ்வோர் எதிர்ப்பாட்டுக்கும் (ஒருவர் பாடும் அடிக்கு மற்றவர்கள் சேர்ந்து பாடும் பதில்) ஒருவர் முன்னே போனால், எட்டு இழுப்பில் எல்லோரும் ஒருமுறை அலைவிளிம்புக்குப் போய் வந்துவிடுவார்கள். தனியாக ‘பார்மேஷன்’ யோசிக்கத் தேவையே இல்லை.

இழுப்பது கையால் அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முழங்கை மடங்கினால் அந்த இடத்திலேயே பொய் தெரிந்துவிடும். கை நீண்டு இறுக்கமாக இருக்கும். குதிகால் மணலில் ஊன்றும். உடம்பின் எடை பின்னால் சாயும். கடலுக்கு முதுகு காட்டிக் கயிற்றைத் தோளில் போட்டு முன்னே சாய்ந்து நடப்பதும் உண்டு. கயிற்றில் பாரம் இல்லாவிட்டால் இந்த உடல்நிலை எதுவும் வராது. அதற்கு ஒரு வழி: கயிற்றின் மறுமுனையைத் திரைக்குப் பின்னால் ஒரு தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு பேர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். தூணின் உரசலே வலையின் கனத்தைக் கொடுக்கும். கட்டைவிரல் தடிமனுள்ள பருத்திக் கயிறு நல்லது. நைலான் உள்ளங்கையை அறுக்கும். கயிற்றை யாரும் இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. பின்னால் நிற்கும் இருவரும் திடீரென்று விட்டால் முன்வரிசை மொத்தமும் மல்லாந்து விழும். பலகை மேடையானால் காலில் எண்ணெய், பவுடர் எதுவும் இருக்கக் கூடாது.

இனி பாட்டு. வலை இழுக்கும்போது பாடுவது அம்பா. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்றோ ‘ஐலசா’ என்றோ எதிர் கொடுப்பார்கள். முன்பாட்டு ஓடும்போது யாரும் இழுப்பதில்லை. பிடித்து நிற்பார்கள், மூச்சு வாங்குவார்கள். இழுப்பு விழுவது எதிர்ப்பாட்டில்தான். மூச்சை வெளியே விடும்போதுதான் உடம்பு பலம் கொடுக்கும். எதிர்ப்பாட்டுச் சொற்கள் வாயைத் திறந்து நீட்டும் ஒலிகளாக இருப்பது அதனால்தான். மேடையில் இது தலைகீழாகிறது. முன்பாட்டுக்கும் இழுக்கிறார்கள், எதிர்ப்பாட்டுக்கும் இழுக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் சிரிக்கவும் செய்கிறார்கள். பாதி இழுப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஆட்டம் உடனே கனம் பெறும்.

அடுத்தது வேகம். வலை தொலைவில் இருக்கும்போது கயிறு நீளம், பாட்டும் நீளம். தெய்வத்தை, அந்தோனியாரை, மாதாவை, முருகனை விளிக்கும் அடிகள் இங்கே வரும். வலையின் கைகள் கரையேறும்போது, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியைக் கிண்டல் செய்வதும், மீன் விலையும், வீட்டுக் கதையும் வரும். சில அடிகள் கொச்சையாகவே இருக்கும், பள்ளி மேடைக்கு ஆகாது. மடி நெருங்கியதும் அடி சுருங்கும். இரண்டே சொல், உடனே எதிர், மறுபடி இரண்டு சொல். மீன் துள்ளித் தப்பும் நேரம் அதுதான் என்பதால் நீட்டிப் பாட இடமில்லை. மேடைக்கு எங்கள் கணக்கு இது: முதல் கட்டத்தில் இழுப்புக்கு 6 விநாடி வைத்து 8 இழுப்பு; நடுக்கட்டத்தில் 4 விநாடி வைத்து 15; கடைசியில் 2 விநாடி வைத்து 24. மொத்தம் 156 விநாடி. ஐந்து நிமிட நிகழ்ச்சியில் மிச்சமுள்ள நேரம் வள்ளம் தள்ளுவதற்கும் மீன் பங்கு வைப்பதற்கும் தாராளமாகப் போதும். தொடக்கத்திலிருந்தே துள்ளலாகப் போனால், மடி வரும்போது மேலும் கூட்டுவதற்கு வேகமே மிச்சமிருக்காது.

தவிலும் உறுமியும் முதல் நொடியிலேயே முழங்குவது இன்னொரு தவறு. அம்பாவுக்குத் தாளக் கருவி கிடையாது. எல்லோருடைய கையும் கயிற்றில் இருக்கிறது. மூச்சு, குதிகால், எதிர்ப்பாட்டு, இவைதான் தாளம். முதல் இரண்டு கட்டத்தையும் வெறும் குரலில் விடுங்கள். மடி கரை தொட்ட பிறகு தவில் நுழைந்தால் போதும், மண்டபமே நிமிர்ந்து உட்காரும்.

ஒரு நுணுக்கம் இதில் இருக்கிறது, ஒத்திகையில் அதிகம் தவறுவதும் அதுவே. மடி அலை உடையும் இடத்துக்கு வந்ததும், கயிற்றை நடத்துவது அலைதான். அலை உள்ளே வரும்போது வலை தானாக இளகும். அப்போது சுருட்டிக்கொள்ள வேண்டும். நீர் திரும்பும்போது வலையைக் கடலுக்கு இழுக்கும். அப்போது விடாமல் பிடித்து நிற்க வேண்டும். திரும்பும் நீரோடு மல்லுக்கட்டினால் ஆள்தான் களைப்பார், கயிறும் அறும். அதனால் முன்பாட்டுக்காரர் அலையைப் பார்த்தபடி அடியை நீட்டுவார், குறைப்பார். ஓர் அடி ஆறு எண்ணிக்கை, அடுத்தது எட்டு, அதற்கடுத்தது ஐந்து என்றுகூட வரலாம். கணினியில் தாளம் போட்டுப் பதிவு செய்த பாட்டுக்கு ஆடினால் இது ஒருபோதும் வராது. ஒரே ஒரு மாணவரை மேடை ஓரத்தில் நேரடியாகப் பாட வையுங்கள். மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்து இழுக்கட்டும். முதல் வாரம் தடுமாறும், பிறகு பழகிவிடும்.

வலை, கட்டுமரம் பற்றிய அபிநயத்திலும் சில திருத்தங்கள். வீச்சுவலையை வீசிய உடனே வெடுக்கென்று இழுக்கிறார்கள். வலை வட்டமாக விரிந்து விழுந்த பிறகு, விளிம்புக் குண்டுகள் தரையைத் தொடும்வரை காத்திருந்தால்தான் மீன் அடைபடும். அந்தக் காத்திருப்புக்கு ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, கொடுங்கள். கண் மட்டும் தண்ணீரில் நிற்கட்டும். துடுப்புப் போடுகிறவர் முன்னே பார்த்துத்தான் போடுவார். படகில் பொருத்திய தண்டை வலிப்பவர் பின்னோக்கி உட்காருவார். இரண்டையும் ஒரே வரிசையில் கலந்தால் படகு எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்பவருக்கே குழப்பம். கட்டுமரத்தைத் தள்ளும்போது, பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வந்து போன பின் வரும் இடைவெளிக்காகக் காத்து, நீர் அடியில் புகுந்து மரத்தைத் தூக்கும் நொடியில் எல்லோரும் ஒன்றாகத் தள்ளுவார்கள். அதைக் காட்டாமல் மேடையில் மரம் பொம்மை வண்டியைப் போல உருளுகிறது.

பரதத்தில் வருவோருக்கு: அபிநய இலக்கண நூலான அபிநய தர்ப்பணம், பதாகம் என்ற கை முத்திரையின் பயன்களில் அலையையும் கடலையும் சொல்கிறது, மீனுக்கு மத்ஸ்ய முத்திரை இருக்கிறது. கை சரியாகத்தான் இருக்கிறது, காலம்தான் தவறுகிறது. அலை மேலெழும் நேரமும் கீழிறங்கும் நேரமும் சமம் அல்ல. மெல்ல எழும், சட்டென்று உடையும், விரிந்து ஓடிவரும், தயங்கித் திரும்பும். வங்கக் கடற்கரையில் சாதாரண நாளில் அலைக்கு அலை ஆறிலிருந்து பத்து விநாடி என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஓர் அட்சரம் (தாள எண்ணிக்கை) என்ற காலத்தில் ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனம் (நான்கு எண்ணிக்கை லகு, இரண்டிரண்டு எண்ணிக்கையில் இரண்டு துருதம், ஆக எட்டு) ஏறக்குறைய ஓர் அலை. லகுவின் நான்கு எண்ணிக்கையில் எழும்பட்டும். ஐந்தாவதில், முதல் துருதத்தின் தட்டில், உடையட்டும். ஆறாவதில் நுரை ஓடிவரட்டும். கடைசித் துருதத்தில் நீர் திரும்பட்டும். தாளம் தொடங்கும் முதல் தட்டான சமத்தில் எல்லோரும் ஒன்றாகக் கையைத் தூக்கி ஒன்றாக இறக்கினால் அது உடற்பயிற்சி வகுப்பு. அலை கரைக்கு நேராக வந்து மோதுவது அபூர்வம். கொஞ்சம் சாய்ந்தே வரும். அதனால் உடைவது ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு ஓடும். பன்னிரண்டு பேர் வரிசையில், ஒவ்வொருவரும் முந்தையவருக்குக் கால் அட்சரம் பின்னால் உடைந்தால், மூன்று எண்ணிக்கைக்குள் அலை மேடையைக் கடந்துவிடும். சறுக்கல் அடவை நுரை ஓடும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கரையின் கடல் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பாக் நீரிணை ஆழம் குறைந்தது. அங்கே அலை தாழ்ந்து, சலசலப்பாக இருக்கும். ராமேசுவரம் வடகரைப் பாட்டுக்கு இடிமுழக்க அலை வைப்பது பொருந்தாது. குமரி மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் வரும் அலை நீண்டது, கனமானது. அதற்கு எட்டு எண்ணிக்கை போதாது, பன்னிரண்டு எண்ணிக்கையாவது வேண்டும். போகிற போக்கில் ஒன்று: தியாகராஜரின் இசை நாடகமான நௌகா சரித்திரம் யமுனையில் போகும் ஓடத்தின் கதை. அதிலிருந்து ‘ஓடனு ஜரிபே’ என்ற பாட்டை எடுத்துக் கடல் நிகழ்ச்சியில் சேர்ப்பது எப்படித்தான் வழக்கமானதோ!

நீலத் துணியை விடவே முடியாது என்பவர்களுக்கு: ஏழு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், மெல்லிய ஜார்ஜெட். சாட்டின் கனம், அலையாது. இரண்டு பக்கத்திலும் உதறாதீர்கள். இரு முனையிலிருந்தும் வரும் அலைகள் நடுவில் மோதித் துணி வெறுமனே துடிக்கும். ஒரு முனையை இடுப்பு உயரத்தில் அசையாமல் பிடித்து, மறுமுனையை மட்டும் முழங்கைவரை மெல்ல உயர்த்தி இறக்கினால் அலை ஓடுவது தெரியும்.

பதிவு செய்த அலை ஓசையும் ஏமாற்றும். அரங்கின் ஒலிபெருக்கியில் அது மழை போலவோ வானொலி இரைச்சல் போலவோதான் கேட்கும். பாட்டின் மெய்யெழுத்துகளையும் விழுங்கிவிடும். இருபுறமும் தோல் கட்டிய அகலமான தட்டைப் பறைக்குள் சிறு மணிகளைப் போட்டுச் சாய்த்தால் இதைவிட நல்ல அலை கிடைக்கும். நாலு எண்ணிக்கையில் ஒரு பக்கம் சாய்த்து, ஓர் எண்ணிக்கை நிறுத்தி, மூன்றில் திருப்ப வேண்டும். மணி அதிகமானால் இடைவெளியில்லாத இரைச்சல். மணி பெரிதானால் கடகடப்பு. வேகமாகச் சாய்த்தால் மழை. முன்பாட்டின்போது அது ஓய்ந்திருக்கட்டும்.

கடலை இசைக்கும் ஆட்டத்துக்கும் களமாக்கியதில் நமக்கு நீண்ட மரபு இருக்கிறது. நெய்தலுக்குச் செவ்வழிப் பண், விளரியாழ், மீன்கோட்பறை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, மாதவி ஆடிய பதினோராடலை அடுக்கும்போது, சூரனை வென்ற முருகன் ஆடிய துடிக்கூத்துக்கு ‘நீர்த்திரை அரங்கம்’ என்று களம் சொல்கிறது, அலையே மேடை. மேடை ஆடுகிறது என்றால் ஆடுபவரின் பாதம் எப்படி விழும்? நடனம் அமைப்பவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது. நாட்டடவின் நிலைத்த குதிகால் அங்கே பொருந்தாது. எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும், இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும். கட்டுமரத்தில் நிற்பவரின் முழங்காலைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அதே காதையில் ஒளியமைப்புக்கும் தேவையானது இருக்கிறது. புகார்க் கடற்கரையில் விளக்குகள் வரிசையாக வருகின்றன: பண்டம் விற்போரின் விளக்கு, மொழி வேறான தேசத்தாரின் விளக்கு, கலங்கரை விளக்கம், பரதவரின் மீன்திமில் (மீன்பிடி படகு) விளக்கு. மாவைப் போன்ற நுண்மணலில் வெண்கடுகு விழுந்தாலும் தெரியும் அளவுக்கு வெளிச்சம் என்கிறார் இளங்கோ. கோவலனும் மாதவியும் இந்தக் கடற்கரையில் பாடி ஊடும் அடுத்த காதையான கானல்வரியை ஆடுகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு மேடை முழுக்க நீலத்தைக் கொட்டுகிறார்கள். பின்திரையை இருட்டாக விட்டு, மங்கலான மஞ்சள் விளக்குகள் பத்துப் பன்னிரண்டை வெவ்வேறு உயரத்தில் வைத்தாலே கடற்கரை வந்துவிடும். திமில் விளக்குகள் இரண்டு மட்டும் மெல்ல அசையட்டும். காட்சி நடப்பதும் தண்ணீரில் அல்ல, புன்னை நிழலில், தாழை வேலிக்குள். கடல் அங்கே கேட்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று: கானல்வரி பாட்டில் தொடங்குவதில்லை. பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்று யாழில் செய்யும் எட்டு வினைகளை முதலில் சொல்லிவிட்டுத்தான் கோவலன் கைக்கு யாழ் போகிறது. ஊடலை ஆடுவதில் இருக்கும் அவசரத்தில் இந்த எட்டும் காணாமல் போகின்றன. வீணையோ யாழோ, ஒரு கருவியை மேடையிலேயே சுதி சேர்த்து, நரம்பைத் தடவி, சிறு துணுக்கு வாசித்து எழுப்ப இரண்டு நிமிடம் போதும். பின்னால் வரும் பாட்டு எதிலிருந்து எழுகிறது என்று கேட்பவருக்குத் தெரியும்.

கடைசியாக, அம்பாவைப் பதிவு செய்யக் கிளம்பும் ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும். இலங்கையின் கரைவலைத் துறைகளில் டிராக்டரில் பொருத்திய உருளை கயிற்றை இழுக்கத் தொடங்கியது. இயந்திரம் இழுக்கும் இடத்தில் பாட்டுக்கு வேலை இல்லை. நம் கரையிலும் கரைவலை போடும் இடங்கள் குறைந்துவிட்டன. ஆகவே பாடத் தெரிந்தவர்களைத் தேடித்தான் போக வேண்டும். அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ‘பாடுங்க ஐயா’ என்றால், இடைவெளி எல்லாம் மறைந்து, பாட்டு சினிமா மெட்டு வேகத்தில் வந்து விழும். பதினைந்து மீட்டர் கயிறு கொண்டுபோங்கள். ஒரு முனையைக் கரையில் ஏற்றிவைத்த படகில் கட்டி, நாலைந்து பேரைக் கூடப் பிடிக்கச் சொல்லி, இழுத்தபடி பாடச் சொல்லுங்கள். நிறுத்தமும் மூச்சும் தானாக வந்துவிடும். அலைவிளிம்பிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் உள்ளே, மணல்மேட்டுக்குப் பின்னால் குரலைப் பதியுங்கள். அலை ஓசையைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை இல்லாவிட்டால் காற்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும். காலையில் காற்று எழும் முன் முடித்துவிடுங்கள். எந்தக் கரை, எந்த வலை, எந்த மாதம், இழுப்பின் எந்தக் கட்டம் என்று பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லி வையுங்கள். பாடியவரிடம் அனுமதி கேட்டு, அவர் வேலைவிட்டு வந்த நேரத்துக்கு ஒரு நாள் கூலியும் கொடுங்கள். மடி கரை சேரும் கட்டத்துப் பாட்டை மட்டும் கயிற்றில் பெற முடியாது. அதற்கு உண்மையான வலை இழுக்கும் நாளில், வலைக் குழுவின் தலைவரான மண்டாடியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
கடற்கரைத் தொழிற்பாட்டு, கிராமிய ஆடல் பயிற்றுநர்கள் சிலர்,
தூத்துக்குடி.